அப்பாருவின் நாலு ஒயர்

அன்றைக்கு வியாழக்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் ஃபேர். எங்கள் நியூ ஜெர்சி வீட்டு டைனிங் டேபிள் முழுக்க செம்புக் கம்பி, உப்புத்தாள், மல்டிமீட்டர், பாதி தின்ற தோசை. ஆறாவது படிக்கும் மகள் நோட்டை மூடி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இட்ஸ் நாட் வொர்க்கிங். மை ஹோல் ப்ராஜெக்ட் இஸ் ராங்."

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு ரொம்ப எளிமையானது. கம்பி நீளமாக ஆக, அதன் மின்தடையும் அதே அளவுக்குக் கூடும். 1 மீட்டருக்கு ஒரு பங்கு என்றால், 2 மீட்டருக்கு இரண்டு பங்கு, 5 மீட்டருக்கு ஐந்து பங்கு. புத்தகத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். கம்பியை அளந்து, கிராஃபில் ஒரு நேர்கோடு போட்டால் வேலை முடிந்தது. "இதைவிட ஈஸியான ப்ராஜெக்ட் கிடையாது" என்று இரண்டு வாரம் முன்னால் சொன்னதே நான்தான்.

அவள் நோட்டில் இருந்த எண்கள் இவை. 1 மீட்டருக்கு 0.4 ஓம், 2 மீட்டருக்கு 0.5, 3 மீட்டருக்கும் 0.5, 4 மீட்டருக்கு 0.7, 5 மீட்டருக்கும் 0.7. நீளம் ஐந்து மடங்கு ஆகியிருக்கிறது, தடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. மறுபடி அளந்தால் 3 மீட்டருக்கு 0.6 வருகிறது. எண்கள் அவளைக் கிண்டல் பண்ணுவது மாதிரி இருந்தது.

எனக்கு மறுநாள் காலையில் ஒரு ரிலீஸ் இருந்தது. தூக்கம் வேறு. அந்த நேரத்தில் நான் சொன்னதை இங்கே எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

"ஃபார்முலா போட்டா 1 மீட்டருக்கு 0.084 வரும். அதை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பெருக்கிக்கோ. கடைசி நம்பரை மட்டும் கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதிடு. யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. "அப்பா, தட்ஸ் சீட்டிங்."

ஆபீஸில் யாராவது டெஸ்ட் பாஸாக வேண்டும் என்பதற்காக விடையை நேராக கோடில் எழுதி வைத்தால், ரிவ்யூவில் கிழித்துத் தொங்கவிடுகிற ஆள் நான். வீட்டில், பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாய் வரவில்லை.

"ஐ ஆம் காலிங் அப்பாரு" என்று அவள் என் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பாரு என்பது என் அப்பா. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பா ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தவர். முப்பத்தைந்து வருஷம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். விவசாயக் கிணற்று மோட்டாரிலிருந்து மில் மோட்டார் வரைக்கும், எரிந்துபோன காயிலை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். இப்போது வயது எழுபத்தொன்று. பட்டறை இல்லை. அதன் சாமான்களில் பாதி வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

அங்கே காலை எட்டு மணி. அப்பா காபி டம்ளரோடு திரையில் வந்தார்.

உங்கள் வீடுகளிலும் இந்த வீடியோ கால் எப்படிப் போகும் என்று தெரியும். "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேன்." "ஸ்கூல் எப்படி இருக்குது?" "நல்லா இருக்கு." அப்புறம் ஒரு நீண்ட மௌனம். பிறகு பிள்ளை போனை நம்மிடம் நீட்டும். எங்கள் வீட்டில் ஏழெட்டு வருஷமாக இதே வசனம்தான், மாறினதே இல்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியும், தாத்தாவோடு பேச அவளிடம் மூன்று வாக்கியத்துக்கு மேல் இருந்ததில்லை.

அன்றைக்கு அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அப்பாரு, ஒயர் ரெசிஸ்டன்ஸ் தப்பா வருது. மீட்டர் பொய் சொல்லுது."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மீட்டர் பொய் சொல்லாது சாமி. நீ என்ன கேட்டயோ அதுக்குத்தான் பதில் சொல்லியிருக்கும். ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து வெச்சுப் பாரு, என்ன காட்டுது?"

மீட்டர் ஒயரின் முனையில் இருக்கும் கூரான உலோகக் குச்சியைத்தான் அப்பா முள் என்பார். அவள் இரண்டையும் தொட வைத்தாள். கம்பியே இல்லை, பூச்சியம் வர வேண்டும். மீட்டர் 0.3 காட்டியது. அழுத்திப் பிடித்தால் 0.3, லேசாகத் தொட்டால் 0.4.

"பாத்தயா? அது உன்ற மீட்டர் ஒயரோட தடை. நீ கம்பிய மட்டும் அளக்கல, மீட்டர் ஒயரையும் சேத்து அளந்திருக்கற."

அப்புறம் அவர் சொன்ன உதாரணத்தை நான் மறக்க மாட்டேன். "நெல்லு மூட்டை எடை போடறப்ப சாக்கு எடைய யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதே சாக்குல ஒரு பவுன் தங்கத்தப் போட்டு எடை பாத்தா எப்படி இருக்கும்?"

அவளுக்கு 'பவுன்' புரியவில்லை. நான் பின்னாலிருந்து "கோல்ட் காயின்" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். நூறு ஓம், ஆயிரம் ஓம் அளக்கும்போது 0.3 ஓம் ஒரு பொருட்டே இல்லை. அவள் அளக்கும் கம்பியோ ஒரு மீட்டருக்கு 0.084 ஓம்தான். அதாவது சாக்கின் எடை, உள்ளே இருக்கும் தங்கத்தைப் போல மூன்றரை மடங்கு.

நான் உள்ளே புகுந்தேன். "அப்ப சிம்பிள். எல்லாத்துலயும் 0.3 கழிச்சுட்டாப் போதும்." நல்ல மீட்டர்களில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. முள் இரண்டையும் சேர்த்து வைத்து அழுத்தினால், ஒயரின் தடையை அதுவே கழித்துக்கொள்ளும்.

அவள் கழித்துப் பார்த்தாள். 0.1, 0.2, 0.2, 0.4, 0.4. முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் நேர்கோடு இல்லை.

"உங்கொப்பன் சொல்றது பாதிதான் சரி" என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்று இருந்தது, அவளுக்கு ஒரே சிரிப்பு.

மீதிப் பாதி என்ன என்று அவர் விளக்கினார். ஒயரின் தடை மாறாதது, அதைக் கழித்துவிடலாம். ஆனால் முள் கம்பியைத் தொடுகிற இடத்தில் இன்னொரு தடை இருக்கிறது. அது ஒவ்வொரு தடவையும் மாறும். எவ்வளவு அழுத்தினோம், கம்பியின் மேலிருக்கும் இனாமலைச் சுத்தமாகச் சுரண்டினோமா, முனையில் களிம்பு இருக்கிறதா, எல்லாவற்றையும் பொறுத்தது அது. முள்ளைச் சேர்த்து வைத்தபோது இருந்த தொடுதடை வேறு, கம்பியில் வைக்கும்போது இருப்பது வேறு. மாறிக்கொண்டே இருப்பதை எப்படிக் கழிப்பது? அதுவும் போக, அந்த மீட்டர் 0.1 ஓமுக்குக் கீழே காட்டவே காட்டாது. மில்லிமீட்டர் கோடில்லாத ஸ்கேலை வைத்து முடியின் கனத்தை அளக்கிற கதைதான்.

"ரெண்டு ஒயர்ல ஆகாது சாமி. நாலு ஒயர் வேணும்."

அடுத்த முக்கால் மணி நேரம் டைனிங் டேபிளில் நான் ஓர் எடுபிடி மட்டுமே. அப்பா அங்கிருந்து சொல்லச் சொல்ல, அவள் இங்கே அடுக்கினாள். கேரேஜில் கிடந்த இன்னொரு மல்டிமீட்டரையும், என் பழைய எலக்ட்ரானிக்ஸ் டப்பாவிலிருந்து ஒரு 27 ஓம், 1 வாட் ரெசிஸ்டரையும் தேடிக் கொடுத்தது என் பங்கு.

ஏற்பாடு இதுதான். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு பென்சில் பேட்டரியை வரிசையாக வைத்தால் 3 வோல்ட். அதோடு அந்த 27 ஓம் ரெசிஸ்டர், 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்த முதல் மீட்டர், பிறகு செம்புக் கம்பி. எல்லாம் ஒரே வட்டம். கம்பியின் இரண்டு கோடியிலும் க்ரொக்கடைல் கிளிப் மாட்டிவிட வேண்டும். மீட்டர் 110 மில்லி ஆம்பியர் காட்டியது. ரெசிஸ்டர் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகி, கம்பியும் பேட்டரியும் சூடாகிவிடும், மீட்டரின் ஃபியூஸும் போய்விடும்.

இப்போது இரண்டாவது மீட்டர். இதை 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் வைத்து, அதன் இரண்டு முள்ளையும் கிளிப்புகளுக்கு *உள்பக்கமாக*, கம்பியின் மேலேயே வைக்க வேண்டும். ஒரு முள் தொடக்கக் கோட்டில், இன்னொன்று 1 மீட்டர் கோட்டில். கிளிப்பின் மேல் வைக்கக் கூடாது, அது முக்கியம். கிடைத்த வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை வந்துவிடும். பள்ளிப் பாடத்தில் வரும் ஓம் விதிதான்.

"ஆனா அப்பாரு, அந்த ரெண்டாவது மீட்டர் ஒயர்லயும் 0.3 இருக்குமே?"

நானும் அதையேதான் கேட்க இருந்தேன். மாஸ்டர்ஸ் படித்தவன், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அப்பா சிரித்தார். "நம்ம தோட்டத்துப் பைப் லைன நெனச்சுக்கோ. தண்ணி ஓடீட்டு இருக்குது. நடுவுல ரெண்டு எடத்துல பிரஷர் மீட்டர் வெக்கறோம். அந்த ரெண்டுக்கும் நடுவால இருக்கற பைப்புல எத்தன பிரஷர் கொறையுதுன்னு அது காட்டும். மோட்டார்கிட்ட ஒரு ஜாயிண்ட் அடைச்சிருந்தா அது இந்தக் கணக்குல வராது. பிரஷர் மீட்டருக்குப் போற சின்ன டியூப்புல தண்ணி ஓடறதில்ல, சும்மா நிக்குது. அப்ப அந்த டியூப்பு சன்னமா இருந்தா என்ன, பெருசா இருந்தா என்ன?"

விஷயம் அவ்வளவுதான். மின்னோட்டம் போகிற வழி வேறு, அளக்கிற வழி வேறு. சாதாரண மல்டிமீட்டரின் வோல்ட் ரேஞ்சுக்குள் 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம் இருக்கிறது. அதனால் அந்த ஒயர் வழியாக மின்னோட்டம் ஏறக்குறையப் போவதே இல்லை. ஒரு கோடியோடு 0.3 சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன? மின்னோட்டம் போகும் கிளிப்புகளின் தடை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அது முள் இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. பிழை எங்கும் போய்விடவில்லை, அளக்கிற இடத்துக்கு வெளியே தள்ளிவிட்டோம்.

இதற்குக் கெல்வின் முறை என்று பெயர். வில்லியம் தாம்சன் என்ற விஞ்ஞானி, பிற்காலத்தில் லார்ட் கெல்வின் ஆனவர், அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கேபிள் போட்ட காலத்தில் அந்த வேலையில் இருந்தவர். எந்தச் செம்பு நன்றாகக் கடத்தும், எது கடத்தாது என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டிய கட்டாயம். 1858-இல் போட்ட கேபிள் சில வாரங்களிலேயே செத்துப்போனது. 1866-இல்தான் நிலைத்து நின்றது. மிகச் சிறிய தடையை அளக்க அவர் உருவாக்கிய பிரிட்ஜ் அந்த 1860-களைச் சேர்ந்தது. நாலு ஒயரோடு வரும் இன்றைய மில்லி ஓம் மீட்டர்களின் கிளிப்புக்கும் அவர் பெயர்தான்.

அவள் அளக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மீட்டர் கோட்டிலும் உப்புத்தாளால் இனாமலைச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே முள்ளை வைத்தாள். கிளிப்பைத் தொடவே இல்லை, முள் மட்டும் நகர்ந்தது.

1 மீட்டரில் 9.4 மில்லி வோல்ட். "இப்பப் பேட்டரியத் திருப்பி மாட்டி இன்னொருக்கா பாரு" என்றார் அப்பா. 9.2 வந்தது, மைனஸ் குறியோடு. "ரெண்டுக்கும் நடுவுல எடுத்துக்கோ. ரெண்டு வேற வேற உலோகம் தொடற எடத்துல சூடு மாறினா சின்னதா ஒரு வோல்ட் வரும். உன்ற வெரல் சூடே போதும். மீட்டரோட பூச்சியமும் கொஞ்சம் தள்ளி இருக்கும். திருப்பிப் போட்டா அது ரெண்டும் கழிஞ்சு போயிரும்."

சராசரி எடுத்த பிறகு வந்தவை 9.3, 18.6, 27.9, 37.2, 46.2. ஒவ்வொன்றையும் 0.110-ஆல் வகுத்தாள். 84.5 மில்லி ஓம், 169, 254, 338, 420.

கிராஃபில் ஐந்து புள்ளி வைத்து ஸ்கேலைப் போட்டாள். ஸ்கேல் எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்தது. கோடு பூச்சியத்தின் வழியாகவே போனது.

"அப்பாரு! ஸ்ட்ரெயிட் லைன்! நேரா வருது!"

அங்கே திண்ணையில் அப்பா கை தட்டினார். இங்கே மணி பத்தே முக்கால். ஏழெட்டு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. அவளுடைய தமிழ் தடுமாறியது. அவருடைய இங்கிலீஷ் வோல்ட், ஆம்பியர், கிளிப், ஜாயிண்டைத் தாண்டாது. ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தது. அது போதுமானதாக இருந்தது. 'சுரண்டு', 'களிம்பு', 'இறுக்கிப் புடி' என்று அன்றைக்கு அவள் கற்றுக்கொண்ட சொற்கள் எந்த சனிக்கிழமைப் பாடத்திலும் இல்லை.

போனை வைப்பதற்கு முன் அப்பா போகிற போக்கில் ஒன்று சொன்னார். "தப்பா வந்த நம்பரையும் அழிக்காத சாமி. அதையும் நோட்டுல வெச்சுக்கோ. வராத நம்பர எழுதறதுதான் ஆகாது."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2002. நான் பத்தாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டறையில் கூடமாட நிற்பேன். பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து 30 எச்.பி. மோட்டார் ஒன்று காயில் கட்ட வந்திருந்தது. எங்கள் பட்டறைக்கு அது பெரிய வேலை. சுற்றி முடித்து, மூன்று பேஸின் ஆறு முனையும் வெளியே எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பேஸின் தடையையும் அளந்து நோட்டில் எழுது என்று அப்பா மீட்டரைக் கொடுத்துவிட்டு, வார்னிஷ் வாங்கப் போய்விட்டார். மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடினால் எங்கோ மூட்டு சரியில்லை என்று அர்த்தம்.

தெருவில் பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பேஸை அளந்தேன், 0.8 வந்தது. மற்ற இரண்டையும் அளக்கவில்லை. மூன்று பேஸும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? 0.8, 0.8, 0.8 என்று எழுதி வைத்துவிட்டு ஓடிவிட்டேன்.

மோட்டார் மில்லுக்குப் போய் நாலு வாரத்தில் எரிந்து திரும்பி வந்தது. ஒரு மூட்டு உருகிப் போயிருந்தது. அப்பா மறுபேச்சுப் பேசாமல் பத்துப் பதினைந்து கிலோ செம்பைக் கடனுக்கு வாங்கி, சொந்தச் செலவில் மறுபடி கட்டிக் கொடுத்தார். அந்த வருஷம் எனக்கு வாங்குவதாக இருந்த கம்ப்யூட்டர் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அளக்காமல் எழுதியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு டைனிங் டேபிளில் "கடைசி நம்பரை மட்டும் மாத்தி எழுதிடு" என்று என் வாயிலிருந்து வந்தபோதுதான், அந்தப் பத்தாவது பையன் எங்கும் போகவில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானாகவே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். சாப்பிட்டதெல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்கப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கிரிக்கெட், 0.8, எல்லாம்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்றுகூடப் பார்த்தேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றார். "மூணும் அச்சடிச்ச மாதிரி 0.8. அந்த மீட்டர்ல ஒரே பேஸ ரெண்டு தடவ வெச்சாலே மாறி மாறித்தான் காட்டும்."

"அப்புறம் ஏனுங்கப்பா கேக்கல?"

"கேட்டு? மோட்டாரு எரிஞ்சது உன்னால இல்ல. அதயும் தெரிஞ்சுக்கோ."

பிறகு அவர் கணக்குச் சொன்னார். அந்த மோட்டாரில் ஒரு பேஸின் உண்மையான தடை அரை ஓமுக்கும் கீழே. மீதி மீட்டர் ஒயருடையது. கெட்டுப்போன மூட்டு கூடுதலாகச் சேர்த்தது 0.05 ஓம் அளவுக்கு இருந்திருக்கும். 0.1 ஓமுக்குக் கீழே காட்டாத மீட்டரில், கை அழுத்தத்துக்கே 0.1 மாறுகிற முள்ளை வைத்து, அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆனால் 25 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.05 ஓமில் 31 வாட் சூடு உண்டாகும். "ஒரு சாலிடரிங் அயர்னப் பத்த வெச்சு காயிலுக்குள்ள சொருகி விட்ட மாதிரி. சூடாக ஆக மூட்டு இன்னும் கெடும். அப்புறம் எரியாம என்ன பண்ணும்? நீ ஒழுங்கா மூணையும் எடுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. தப்பு என்ற மேல. ரெண்டு ஒயர் மீட்டர வெச்சுட்டு மில் மோட்டாரு வேலைய எடுத்திருக்கக் கூடாது."

எனக்குத் தொண்டை அடைத்தது. அப்போது அவர் சேர்த்துச் சொன்னார்.

"ஆனா நீ அளக்காம எழுதுனது தப்புத்தான். மோட்டாரு எரியாட்டியும் அது தப்புத்தான்."

அவர் மன்னிக்கிறாரா, திட்டுகிறாரா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் தனித்தனியாக அளந்து, எது எவ்வளவு என்று கையில் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் நான் அந்த இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த மாதங்களில் பட்டறை மேஜை மேல் ஒரு கனமான மரப்பெட்டி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு ஒயர். கெல்வின் டபுள் பிரிட்ஜ், யாரோ விற்ற பழைய சாமான். அதை வைத்து என்னவோ செய்துகொண்டிருப்பார். என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்போது எனக்கு சி ப்ளஸ் ப்ளஸ் படிக்கும் அவசரம்.

திங்கட்கிழமை சயின்ஸ் ஃபேரில் அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. எரிமலைக்கும் ரோபோவுக்கும் கிடைத்தது. ஆனால் அவளுடைய போர்டில் இரண்டு அட்டவணையும் இருந்தன. தப்பான ஐந்து எண் மேலே, சரியான ஐந்து எண் கீழே, நடுவில் நாலு ஒயரின் படம். ஜட்ஜாக வந்த ஒரு பெண்மணி மேலே இருந்ததைக் காட்டி, "இதை ஏன் எடுக்காமல் விட்டாய்?" என்று கேட்டார். "அதுதான் என் ப்ராஜெக்டே" என்று இவள் பத்து நிமிஷம் விளக்கினாளாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாருவைக் கூப்பிட்டு, அதைத் தமிழில் சொல்ல இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமை ராத்திரிகளில் அவர்கள் இரண்டு பேரும் எதையாவது அளந்துகொண்டிருக்கிறார்கள். போன வாரம் கம்பியை கேரேஜ் குளிரிலும் வீட்டுச் சூட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துவிட்டார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் நடுவில் இத்தனை வருஷம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். அவர் சொன்னதைச் சுருக்கி, அவள் சொன்னதை இழுத்து, இரண்டு பக்கமும் என்னுடையதைக் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுத்திருப்பேன். இப்போது கூடுமானவரை நடுவில் வருவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருமுறை செய்து பாருங்கள். "தாத்தாகிட்ட பேசு" என்று போனைக் கொடுக்காதீர்கள். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, தள்ளி நில்லுங்கள்.

நேற்று அப்பா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பழுப்பேறிய பட்டறை நோட்டின் ஒரு பக்கம். என் பத்தாவது கிளாஸ் கையெழுத்தில் 0.8, 0.8, 0.8. அதன் கீழே பென்சிலில் அப்பாவின் கையெழுத்து: "மோட்டார் திரும்பி வந்தது. நாலு ஒயர் மீட்டர் பார்க்கணும்." அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அந்த மூன்று எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள், "மூணும் சேம் நம்பர். இது அளக்காம எழுதினது."